மாவு கொடுத்த ஆளுநர்

எட்வர்ட் ஜான் அயர் தொடக்கத்தில் நல்லவராகப் பெயரெடுத்தவர். 1840களில் ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றங்கரையில் பூர்வகுடிகளின் ‘பாதுகாவலர்’ பதவியில் இருந்தார். மாவும் கம்பளியும் கொடுத்தார். வெள்ளைக் குடியேறிகளின் வன்முறையைக் கண்டித்தும் எழுதினார். பிறகு நியூசிலாந்து, செயின்ட் வின்சென்ட், ஆன்டிகுவா, கடைசியாக ஜமைக்கா.

ஜமைக்காவில் 1838இலேயே அடிமைகள் முழு விடுதலை பெற்றுவிட்டார்கள். நல்ல நிலம் மட்டும் தோட்ட முதலாளிகளிடமே இருந்தது. 1865இல் செயின்ட் ஆன் பகுதி ஏழைகள் அரசு நிலம் கேட்டு விக்டோரியா அரசிக்கு மனு அனுப்பினார்கள். கூலிக்கு ஒழுங்காக உழையுங்கள் என்று பதில் வந்தது. மனு எழுதிப் பழகிய நமக்கு இந்தத் தொனி புதிதல்ல. அதை அச்சடித்துத் தீவெங்கும் பரப்பியவர் ஆளுநர் அயர். பால் போகிள் என்ற சிறு விவசாயி ஆட்களோடு தலைநகருக்கு நடந்தே போனார். அயர் சந்திக்க மறுத்தார்.

அக்டோபர் 11 அன்று மொரண்ட் பே நீதிமன்றத்தின் முன் படை சுட்டது. 7 பேர் இறந்தனர். கூட்டம் திருப்பித் தாக்கியதில் அதிகாரிகள், படையினர் என 18 பேர் மடிந்தனர். அயர் இராணுவச் சட்டம் கொண்டுவந்தார். 439 பேர் கொலை, 600 பேருக்குக் கசையடி, 1,000 வீடுகள் தீக்கிரை. இது பிரிட்டன் அனுப்பிய விசாரணைக் குழுவே தந்த கணக்கு. போகிளைத் தூக்கிலிட்டார்கள். அடிமைத் தாய்க்குப் பிறந்த சட்டமன்ற உறுப்பினர் ஜார்ஜ் வில்லியம் கார்டன் அப்போது கிங்ஸ்டனில் இருந்தார். அங்கே இராணுவச் சட்டம் கிடையாது. அதனால் அவரைக் கப்பலேற்றி, அது இருந்த மொரண்ட் பேவுக்குக் கொண்டுபோய்த் தூக்கிலிட்டார்கள்.

இடையில் அயரின் மனம் மாறிவிட்டது என்பதை நான் ஏற்கவில்லை. மர்ரே கரையில் அவரிடம் மாவு வாங்கினார்கள். ஜமைக்காவில் நிலம் கேட்டார்கள்.

அயரைக் கூண்டிலேற்ற ஜான் ஸ்டூவர்ட் மில் போராடினார். ஏழைகளுக்காக நாவல் எழுதிய டிக்கன்ஸ் அயர் பக்கம் நின்றார்! பதவி போனதோடு சரி, தண்டனை எதுவும் இல்லை. 1874இல் ஓய்வூதியம் கொடுத்தார்கள். 1901இல் சாகும்வரை அயர் அதை வாங்கினார்.