ஆங்கில நிகழ்கால நிறைவு வினையும் கால அடைகளும்: பெங்களூருக் கற்பித்தல் வரலாற்றை முன்வைத்து

1. முன்னுரை

ஆங்கிலத்தில் 'ஹி ஹேஸ் கம்' என்பது வழாநிலை; 'ஹி ஹேஸ் கம் எஸ்டர்டே' என்பது வழு. தமிழிலோ 'அவன் வந்திருக்கிறான்', 'அவன் நேற்று வந்திருக்கிறான்' ஆகிய இரண்டும் வழாநிலைத் தொடர்களே. தென்னிந்திய ஆங்கிலக் கல்வி இவ்வேறுபாட்டை எதிர்கொண்ட வகையையும், மொழிபெயர்ப்பாளர்க்கு அது உணர்த்துவதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. இரு கற்பித்தல் முறைகள்

தென் மாநிலங்களின் ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கும் பொருட்டு, 1963-இல் பெங்களூருவில் தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. அக்காலத்தில் ஓங்கியிருந்தது அமைப்புமுறைக் கற்பித்தல். தொடரமைப்புகளை எளிமையிலிருந்து கடினத்திற்கு வரிசைப்படுத்தி, வகுப்பறைச் சூழலில் வாய்மொழிப் பயிற்சியாகத் தருவது அதன் இயல்பு. கதவைத் திறந்தவுடன் 'ஐ ஹேவ் ஓப்பன்ட் த டோர்' எனக் கூறும் வகைப் பயிற்சியில் வினையும் அதன் பயனும் கண்முன் நிற்கும். 'நேற்று' என்னும் அடைக்கு அங்கு இடமே எழாது.

இம்முறைக்கு மாற்றாக, என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய பெங்களூருத் திட்டம் அமைந்தது. மாணவர் கவனம் பொருளில் ஊன்றியிருக்கும்போதே இலக்கண வடிவம் மனத்தில் படியும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. அட்டவணை, வரைபடம் முதலியவற்றைக் கொண்ட பணிகளே பாடங்களாயின. பிரபு இவ்வனுபவத்தை 1987-இல் நூலாக வெளியிட்டார்.

எனினும், ஒரு வினா எஞ்சுகிறது. 'எஸ்டர்டே' சேர்ந்த வழுத்தொடர் பொருள் விளக்கத்திற்கு ஊறு செய்வதில்லை. எனவே பணி தடையின்றி நிறைவேறிவிடும். கன்னடத்திலும் 'நின்னெ பந்தித்தானெ' என்பது இயல்பான வழக்காதலின், தாய்மொழியும் மாணவரைத் தடுப்பதில்லை. ஆகவே, இவ்வொரு கூற்றில் இரு முறைகளும் ஒப்பீட்டின் துணையை வேண்டி நிற்கின்றன எனலாம்.

3. ஒப்பீடு

நிகழ்ச்சிக் காலம், நோக்குக் காலம், பேச்சுக் காலம் என மூன்றனை 1947-இல் ரைகன்பாக் வகுத்தார். ஆங்கில நிறைவு வினையில் நோக்குக் காலம் பேச்சுக் காலத்தோடு ஒன்றும். 'எஸ்டர்டே' அதனோடு முரணும். ஆயினும், ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் அமைப்பால் இதனையொத்த வினைகள் 'நேற்று' என்னும் அடையை ஏற்கின்றன. கிளைன் 1992-இல் இதனை ஒரு புதிராகவே எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். எனவே, இத்தடை எல்லா மொழிக்கும் பொதுவன்று.

ஆங்கில நிறைவு வினைக்குத் தமிழில் ஒரே நிகரன் இல்லை. உடன் வரும் அடைக்கேற்ப அது வேறுபடும். 'ஜஸ்ட்' வருமிடத்து 'இப்போதுதான் வந்தேன்' என இறந்தகாலமும், 'ஆல்ரெடி' வருமிடத்து 'ஏற்கெனவே படித்துவிட்டேன்' என விடு துணைவினையும், 'நெவர்' வருமிடத்து 'பார்த்ததில்லை' என்பதும், 'ஃபார் ஃபைவ் இயர்ஸ்' வருமிடத்து 'ஐந்து ஆண்டுகளாக வசிக்கிறேன்' என நிகழ்காலமும் பொருந்துவன.

மறுதலையாக, தமிழின் 'இரு' துணைவினை ஆங்கில நிறைவு வினைக்கு இல்லாத ஒரு பொருளையும் சுமக்கிறது. ஈரத்தரையைக் கண்டவர் 'நேற்றிரவு மழை பெய்திருக்கிறது' என்பார். மழையை நேரில் கண்டவர் 'பெய்தது' என்பார். முன்னையது அனுமானம்; பின்னையது காட்சி.

4. முடிவுரை

'அவர் நேற்று வீட்டிற்கு வந்திருக்கிறார்' என ஒரு சாட்சி கூறுவதாகக் கொள்வோம். ஆங்கில விதிக்கு அஞ்சி 'ஹி கேம் ஹோம் எஸ்டர்டே' என மட்டும் பெயர்த்தால், வழு நீங்கும். ஆனால் சாட்சி நேரில் கண்டதுபோலப் பொருள்படும். 'அப்பேரண்ட்லி' போன்றதொரு சொல்லைச் சேர்த்தல் இங்கு இன்றியமையாதது. எனவே, 'நிறைவு வினையோடு நேற்று வாராது' என்னும் விதியைக் கற்பிப்போர், தமிழில் அது வருமிடத்து உணர்த்தும் பொருளையும் உடன் கற்பித்தல் வேண்டும்.