குறைவாயிருந்தது எது? - கொலோசெயர் 1:24 பற்றிச் சில குறிப்புகள்

இரவு பதினொன்றரைக்குப் பிறகு றெஸ்ரோறன்ற் குசினி எங்களுடையதாகிவிடும். சமையற்காரர் போய்விடுவார். கோப்பை கழுவும் நாங்களும் எங்களோடு வேலை செய்யும் கொங்கோ நாட்டவரும்தான் மிச்சம். அவர் தன் உடுப்புப் பெட்டிக்குள் பிரெஞ்சு பைபிள் ஒன்றை வைத்திருக்கிறார். எங்களிடம் அம்மா தந்துவிட்ட தமிழ் வேதாகமம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உடைந்த யேர்மன் மொழி. இந்தக் கட்டுரை அந்தக் குசினியில்தான் தொடங்கியது.

காரணம் வேறோர் இடத்தில் இருந்தது. போன மாரியில் எங்கள் ஊர் அம்மா ஒருவரின் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தது. 2009 மே மாதத்துக்குப் பிறகு அவருடைய மகனைப்பற்றி ஒரு தகவலும் இல்லை. வந்த பிரசங்கியார் கொலோசெயர் நிருபத்தின் முதலாம் அதிகாரத்து 24ஆம் வசனத்தை எடுத்து, அம்மாவின் கண்ணீர் கிறிஸ்துவின் பாடுகளில் உள்ள குறையை நிரப்புகிறது, ஆகவே முறுமுறுக்கக்கூடாது என்றார். அம்மா தலையாட்டினா. நாங்கள் வெளிக்கிடும்போது படிவரைக்கும் வந்து, "தம்பி, என்ர பிள்ளையும் அந்தக் குறைக்குள்ளயோ?" என்று கேட்டா. எங்களிடம் பதில் இருக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் வரலாற்றை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள் நாங்கள். மிஞ்சியிருந்த அந்தப் பழக்கம், இந்த வசனத்தை யார் யார் எப்படி வாசித்தார்கள் என்று தேடவைத்தது.

நிருபம் நான்கே அதிகாரங்கள் கொண்டது. கொலோசே பட்டணம் இன்றைய துருக்கியில், தெனிஸ்லி நகருக்கு அருகே ஹொனாஸ் என்னும் ஊரை அடுத்து ஒரு மண்மேடாகக் கிடக்கிறது. இதைப் பவுலே எழுதினாரா, அவருடைய சீடர் ஒருவர் எழுதினாரா என்ற விவாதம் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கி இன்றும் முடியவில்லை. எப்படியானாலும் இதில் கேட்பது ஒரு கைதியின் குரல். கடைசி வசனத்தில் அவர் தன் விலங்குகளை நினைத்துக்கொள்ளும்படி கேட்கிறார்.

அந்தக் கைதி சொல்வது இதுதான்: உங்களுக்காகப் படும் பாடுகளில் நான் மகிழ்கிறேன், கிறிஸ்துவின் உபத்திரவங்களில் குறைவாயுள்ளதை, அவருடைய உடலாகிய சபைக்காக, என் உடலில் நிரப்புகிறேன். சிக்கல் இங்கேதான் வருகிறது. இதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரம், நமக்கு எதிரான கடன் பத்திரம் சிலுவையில் ஆணியடித்து ஒழிக்கப்பட்டது என்கிறது. கடன் முழுவதும் தீர்ந்ததென்றால், குறை எங்கிருந்து வந்தது?

கிரேக்க மூலத்தின் சொற்கள் கொஞ்சம் உதவுகின்றன. உபத்திரவம் என்பதற்கு இங்கே 'திலிப்சிஸ்' என்ற சொல் வருகிறது. நெருக்குதல், நசுக்குதல் என்பது அதன் அடிப்பொருள். புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் இந்தச் சொல் சிலுவைப்பாட்டைக் குறிக்க வரவில்லை. அடுத்தது குறையைக் குறிக்கும் 'ஹிஸ்தெரெமா'. இது பிலிப்பியர் 2:30இலும் வருகிறது. பிலிப்பி சபையார் பவுலுக்கு அனுப்பிய உதவியைச் சுமந்துவந்த எப்பாப்பிரோதீத்து, சாகக்கிடந்து, அவர்களுடைய ஊழியத்தில் இருந்த குறையை நிரப்பினார் என்று அங்கே எழுதியிருக்கிறது. அனுப்பிய காணிக்கையில் ஒரு குறையும் இல்லை. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு ஆள் இல்லாததே குறை. இதைக் கொங்கோ நண்பருக்குச் சொன்னபோது அவர் சட்டென்று விளங்கிக்கொண்டார். குசினியில் சாப்பாடு முழுதாகச் சமைத்தாயிற்று. ஆனால் யாராவது தூக்கிக்கொண்டு போகும்வரை மேசையில் இருப்பவருக்கு அது இல்லாததுதான்.

ஆரம்பகாலச் சபையின் பெரியவர்கள் இந்த வசனத்தைப் பார்த்துப் பயப்படவில்லை. 407இல் இறந்த கிறிசோஸ்தோம், பவுலைத் தளபதி இல்லாத நேரத்தில் அவரிடத்தில் நின்று காயங்களை ஏற்கும் துணைத்தளபதிக்கு ஒப்பிட்டார். 430இல் இறந்த வட ஆபிரிக்க ஆயர் அகுஸ்தீன், தலையும் உடலும் சேர்ந்தே முழுக் கிறிஸ்து என்றார். சன நெரிசலில் ஒருவனுடைய காலை மிதித்தால், "என்னை மிதிக்கிறாய்" என்று கத்துவது நாக்குத்தான். நாக்கை யாரும் மிதிக்கவில்லை. அதுபோலத்தான் தமஸ்குவுக்குப் போன சவுலிடம், ஏன் என்னைத் துன்பப்படுத்துகிறாய் என்று தலையானவர் கேட்டார் என்பது அவருடைய விளக்கம். தலை பட்டது முடிந்துவிட்டது. உடல் படுவது முடியவில்லை.

மத்திய காலத்தில் கதை வேறுபக்கம் திரும்புகிறது. 1343இல் அவிஞ்ஞோனில் இருந்த பாப்பரசர் ஆறாம் கிளெமென்ட் தன் ஆணையில் ஒரு பொக்கிஷத்தைப்பற்றிப் பேசினார். கிறிஸ்துவின் இரத்தத்தில் ஒரு துளியே உலகை மீட்கப் போதுமாயிருந்தது. மீதமெல்லாம் சபையின் பொக்கிஷமாயிற்று. மரியாளினதும் புனிதர்களினதும் புண்ணியங்களும் அதில் சேர்ந்தன. திறப்பு பேதுருவின் வாரிசுகளிடம் இருக்கிறது. இப்படிப் போனது அந்தப் போதனை. அதன் ஆதரவாளர்கள் கொலோசெயர் வசனத்தையும் சாட்சிக்கு இழுத்தார்கள். புனிதர்கள் பட்ட பாடு, பிறருடைய தண்டனையைக் கழிக்கும் இருப்பாக மாறியது.

இருப்பு என்று ஒன்று வந்தால் வியாபாரமும் வரும். லூதர் 1517இல் எதிர்த்த பாவமன்னிப்புச் சீட்டின் பணத்தில் ஒரு பங்கு, ரோமாபுரியில் புனித பேதுரு பேராலயம் கட்டப் போனது. இன்னொரு பங்கு, பேராயர் அல்பிரெக்ட் ஔக்ஸ்பூர்க்கின் ஃபுக்கர் வங்கியாரிடம் பட்ட கடனை அடைக்கப் போனது. 1518 ஒக்டோபரில் அதே ஔக்ஸ்பூர்க்கில் கர்தினால் கயெத்தான் லூதரை விசாரித்தபோது, முன்னே எடுத்து வைத்தது அந்த 1343ஆம் ஆண்டு ஆணையைத்தான். பின்னர் கல்வினும் தன் பெரிய நூலில் இந்த வசனத்தைத் தனியே எடுத்து வாதிட்டார். பவுல் பேசுவது மீட்பின் விலையைப்பற்றி அல்ல, சபையைக் கட்டி எழுப்புவதற்காகத் தான் படும் பாட்டைப்பற்றியே என்றார்.

கடந்த நூற்றாண்டின் ஆராய்ச்சியாளர்கள் பலர் யூத மரபுக்குள் விடை தேடினார்கள். புதிய யுகம் பிறக்குமுன் உலகம் பிரசவ வேதனைப்படும், அந்த வேதனைக்கு ஓர் அளவு உண்டு என்ற நம்பிக்கை அங்கே இருந்தது. வெளிப்படுத்தல் 6:11இலும் கொலையுண்டவர்களின் தொகை நிறையும்வரை பொறுத்திருக்கும்படி சொல்லப்படுகிறது. அப்படியானால் பவுல் அந்த அளவில் கூடிய பங்கைத் தானே ஏற்று, மற்றவர்களுடைய பங்கைக் குறைக்கப் பார்க்கிறார் எனலாம். யேர்மன் போதகர் பொன்ஹோபர் 1937இல் வெளியிட்ட தன் நூலில், மீட்புக்கான பாடு நிறைவாயிற்று, ஆனாலும் சபைக்கென்று ஒரு மீதி விடப்பட்டிருக்கிறது என்ற பொருளில் இதை வாசித்தார். 1945 ஏப்ரல் 9இல் ஃபுளொசென்பூர்க் முகாமில் நாசிகள் அவரைத் தூக்கிலிட்டார்கள். 1984இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், துன்பத்தைப்பற்றிய தன் மடலை இந்த வசனத்தைக் கொண்டே தொடங்கினார். அதற்கு மூன்று வருடங்களுக்குமுன் அவரே சுடப்பட்டு உயிர்தப்பியவர்.

இத்தனை வாசிப்புகளையும் வரிசையில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று எங்கள் கண்ணில் படுகிறது. வசனத்தில் 'என் உடலில்' என்று இருக்கிறது. 'உங்கள் உடலில்' என்று இல்லை. விலங்கிட்ட ஒரு மனிதன் தன் நோவுக்குத் தானே கொடுத்த அர்த்தம் அது. தன்னைப்பற்றி ஒருவர் இப்படிச் சொல்லும்போது நாம் தலைவணங்கலாம். இன்னொருவர் பட்ட பாட்டுக்கு வேறொருவர் கணக்கு எழுதத் தொடங்கியதும் அது பொக்கிஷமாகிறது, பிறகு சீட்டாகிறது, கடைசியில் கட்டிடமாகிறது. இதற்கு நாங்கள் ரோமாபுரிவரை போகவும் தேவையில்லை. எங்கள் மண்ணிலும் ஊரார் பிள்ளைகளின் சாவுக்குக் கணக்குப்புத்தகம் வைத்திருந்தவர்கள் உண்டு. அவர்கள் எல்லாப் பக்கத்திலும் இருந்தார்கள்.

எங்கள் வேதாகமம் 'பாடு' என்ற சொல்லை வைத்திருப்பது நல்லதாய்ப் போயிற்று. தமிழில் பாடு என்றால் துன்பம், உழைப்பும்கூட. பாட்டாளி என்பவன் அந்தச் சொல்லிலிருந்து வந்தவன். யேர்மனியில் அகதி மனு நிராகரிக்கப்பட்டும் திருப்பி அனுப்பப்படாதவர்களுக்குக் கொடுக்கும் கடதாசிக்கு 'டுல்டுங்' என்று பெயர். அதன் வினைச்சொல்லுக்குச் சகித்துக்கொள்வது, பொறுத்துக்கொள்வது என்று பொருள். இங்கே சகித்துக்கொள்வது அரசாங்கம், சகிக்கப்படுவது நாங்கள் என்று அந்தக் கடதாசி சொல்கிறது. பாடு யாருடையது என்று அதில் எழுதியிருக்காது.

இரண்டு கிழமைக்குமுன் அந்த அம்மாவிடம் போனோம். அது சிறையில் இருந்த ஒருவர் தன்னைப்பற்றி எழுதியது, உங்கட பிள்ளையைப்பற்றி எழுதியது இல்லை, அவர் காணாமற்போனதால் எந்தக் குறையும் நிரம்பவில்லை என்று சொன்னோம். அம்மா கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் இன்னும் கேக்கலாம்தானே தம்பி?" என்றா.

"கேளுங்கோ அம்மா" என்றோம்.

அவ அலுமாரியைத் திறந்து, மகனின் படமும் பழைய மனுக்களும் இருந்த கோவையை எடுத்துவந்து மேசையில் வைத்தா. அடுத்த கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி கேட்டா. வேலைக்கு நேரமாகும்வரை இருந்து எழுதிக்கொடுத்தோம்.