யானை வருவதை அதிர்வை வைத்தே கண்டுபிடிக்கும் சென்சார்... ஏஐ-க்கு முன்னாடி வேலை செய்யும் குட்டி சர்க்யூட் எது?

2021 நவம்பர் 26. கோவை மதுக்கரையை அடுத்த நவக்கரை அருகே மங்களூரு - சென்னை ரயில் மோதி 3 யானைகள் உயிரிழந்தன. அதன்பிறகு மதுக்கரை பகுதியில் கோபுரங்கள் அமைத்து, தெர்மல் கேமராவும் ஏஐ மென்பொருளும் சேர்ந்த கண்காணிப்பு 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. வடகிழக்கு மாநிலங்களில் ரயில்வே வேறு வழியில் போகிறது. தண்டவாளத்தை ஒட்டிச் செல்லும் ஆப்டிகல் ஃபைபர் கேபிள் வழியாக யானையின் காலடி அதிர்வைப் பிடிக்கும் அந்தத் திட்டத்துக்குப் பெயர் ‘கஜராஜ்’.

கேமராவுக்குக் கண்ணுக்கு எட்டும் தூரம் வேண்டும். புதர் மறைத்தால் கஷ்டம்தான். அதிர்வுக்கு அந்தப் பிரச்னை கிடையாது. ஆனால் அதிர்வையோ ஒலியையோ நம்பும் கருவி எதுவானாலும், ஏஐ தன் வேலையைத் தொடங்கும் முன்பே ஒரு வேலை முடிந்திருக்க வேண்டும். அதைச் செய்வது அனலாக் ஃபில்டர் என்ற சின்ன மின்சுற்று. செய்திகளில் இதன் பெயர் வருவதே இல்லை.

யானை பேசுவது நம் காதில் விழாதது ஏன்?

மனிதக் காது சுமார் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஹெர்ட்ஸ் என்றால் ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்கு. 1984-ல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் உயிரியல் பூங்காவில் கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் யானைக் கூண்டு அருகே இருந்தபோது, சத்தம் எதுவும் கேட்காமலேயே காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்தார். சிறு வயதில் தேவாலய ஆர்கனின் மிகத் தாழ்ந்த சுரங்கள் உடம்பில் அதிர்ந்தது அவருக்கு நினைவுக்கு வந்தது. பிறகு ஒலிப்பதிவு செய்து, டேப்பை வேகமாக ஓட்டிக் கேட்டபோது விஷயம் தெரிந்தது. யானைகள் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் அளவில் உறுமிக்கொண்டிருந்தன. இந்த ஆய்வு 1986-ல் வெளியானது.

இந்த உறுமல் காற்றில் மட்டுமல்ல, மண் வழியாகவும் போகிறது. கென்யாவின் சம்புரு பகுதியில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ‘சேவ் தி எலிஃபன்ட்ஸ்’ அமைப்புடன் சேர்ந்து ஜியோஃபோன்களை வைத்துப் பதிவு செய்தார்கள். மண் அதிர்வை மட்டும் வைத்தே யானை நடக்கிறதா, உறுமுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியும் என 2018-ல் காட்டினார்கள். ஜியோஃபோன் ஒன்றும் பெரிய மர்மக் கருவி அல்ல. உள்ளே ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள். மண் அசைந்தால் சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கும்.

சிக்கலே அந்த ‘மிகச் சிறிய’ என்பதில்தான். தூரத்தில் வரும் யானையின் காலடி தருவது மைக்ரோவோல்ட் கணக்கில். அதைப் பல மடங்கு பெருக்கினால் காற்றில் ஆடும் மரம், மழைத்துளி, மோட்டார் பம்ப் எல்லாமும் சேர்ந்து பெருகும். ரயில் பாதை ஓரம் என்றால் இன்னொன்றும் உண்டு. நம் நாட்டில் மின்சார ரயிலுக்கு மேலே ஓடுவது 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். அதன் ரீங்காரம் சென்சார் வயரில் ஏறிவிடும். யானையின் உறுமல் அடிப்படை அதிர்வெண்ணோடு நிற்காது, அதன் 2 மடங்கு, 3 மடங்கிலும் வரும். ஆக, வேண்டியதும் வேண்டாததும் பக்கத்துப் பக்கத்து வீடு.

ஃபில்டர் எப்படிப் பிரிக்கிறது?

எளிமையான ஃபில்டரில் இரண்டே பொருட்கள். ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர். கெப்பாசிட்டர் தண்ணீர்த் தொட்டி மாதிரி, ரெசிஸ்டர் அதற்கு வரும் ஒடுங்கிய குழாய் மாதிரி. மெதுவாக ஏறி இறங்கும் சிக்னலைத் தொட்டி பின்தொடர்ந்துவிடும். வேகமாகத் துடிக்கும் சிக்னலுக்குத் தொட்டி நிறையவும் நேரமிருக்காது, காலியாகவும் நேரமிருக்காது. அதனால் அது மங்கிவிடும்.

எந்த இடத்தில் மங்கத் தொடங்க வேண்டும் என்பதை இந்த இரண்டு பொருட்களின் மதிப்பே முடிவு செய்கிறது. இரண்டையும் பெருக்கி, அதை 6.28-ஆல் பெருக்கி, 1-ஐ அதனால் வகுத்தால் விடை. 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் போட்டால் கிட்டத்தட்ட 16 ஹெர்ட்ஸ். அதாவது சில ரூபாய் பொருட்களாலேயே யானை உறுமலின் எல்லைக்குப் போய்விடலாம். ரெசிஸ்டரை 3.3 கிலோ ஓமாகக் குறைத்தால் 48 ஹெர்ட்ஸ்.

ஆனால் இந்த எளிய சுற்று நறுக்கென்று வெட்டாது. எல்லையைத் தாண்டிய பிறகு அதிர்வெண் இரட்டிப்பானால் சிக்னல் பாதியாகும், அவ்வளவுதான். இன்னும் கூர்மையாக வெட்ட ஆப்-ஆம்ப் சிப் சேர்த்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பல கட்டங்கள் அமைப்பார்கள்.

கம்ப்யூட்டரிலேயே வடிகட்டிக்கொள்ளலாமே?

நியாயமான கேள்வி. பெரும்பாலான வடிகட்டலை இன்று மென்பொருள்தான் செய்கிறது. ஆனால் ஒன்றை மட்டும் அதனால் செய்யவே முடியாது.

சினிமாவில் வேகமாக ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவது போலத் தெரியும் இல்லையா? கேமரா நொடிக்கு 24 படங்கள்தான் எடுக்கிறது. இடையில் நடந்தது அதற்குத் தெரியாது. சென்சார் சிக்னலை டிஜிட்டலாக மாற்றும்போதும் இதே கதை. நொடிக்கு 200 முறை அளவெடுக்கும் கருவியில் 100 ஹெர்ட்ஸுக்கு மேலான எதுவும் தன் உண்மை முகத்தோடு பதிவாகாது. 215 ஹெர்ட்ஸில் ஓடும் ஒரு மோட்டாரின் அதிர்வு 15 ஹெர்ட்ஸ் என்று பதிவாகும். அப்படியே யானை உறுமலின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பதிவான பிறகு எது மோட்டார், எது யானை என்று அந்த எண்களில் எந்த அடையாளமும் மிஞ்சாது. எவ்வளவு புத்திசாலி ஏஐ வந்தாலும் அதைப் பிரிக்க முடியாது. எனவே 100 ஹெர்ட்ஸுக்கு மேலானதை, எண்ணாக மாறும் முன்பே, அனலாக் ஃபில்டர் தடுத்தாக வேண்டும். ஆப்டிகல் ஃபைபர் முறையிலும் ஒளி மின்சிக்னலாக மாறிய பிறகு இதே கட்டுப்பாடு உண்டு. அங்கே அதிர்வெண் அளவுகள் வேறு, விதி ஒன்றுதான்.

‘ட்யூன்’ செய்ய வேண்டிய அவசியம் என்ன?

முதல் காரணம் ரொம்பச் சாதாரணம். கெப்பாசிட்டரில் 1 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருப்பதால் அது அப்படியே இருக்கும் என்று அர்த்தமில்லை. சில வகைகளில் 20 சதவீதம் வரை கூடக்குறைய இருக்கும். மதிய வெயிலிலும் அதிகாலைக் குளிரிலும் மதிப்பு மாறும். இரண்டாவது, மண்ணே இடத்துக்கு இடம் வேறு. கெட்டியான பாறை நிலமும் மணல் நிலமும் அதிர்வை ஒரே மாதிரி கடத்தாது.

பழைய ரேடியோவில் குமிழைத் திருகி ஸ்டேஷன் பிடித்தது நினைவிருக்கும். அதுவும் ட்யூன் செய்யும் ஃபில்டர்தான். காட்டுக்குள் புதைத்த பெட்டியைத் தினமும் போய்த் திருக முடியாது. அதனால் ரெசிஸ்டரின் மதிப்பை சிப் வழியாக மாற்றுவார்கள். இல்லையென்றால் ‘ஸ்விட்ச்டு கெப்பாசிட்டர்’ முறை. இதில் குட்டி கெப்பாசிட்டரை வேகமாக மாற்றி மாற்றி இணைத்தால் அது ரெசிஸ்டர் போல நடந்துகொள்ளும். எவ்வளவு வேகமாக மாற்றுகிறோமோ அதற்கேற்ப எல்லை நகரும். 100-க்கு 1 என்ற விகிதத்தில் அமைந்த சிப்பில் க்ளாக் 2,000 ஹெர்ட்ஸ் என்றால் ஃபில்டர் 20 ஹெர்ட்ஸில் நிற்கும். க்ளாக்கை மாற்றினால் போதும், பெட்டியைத் திறக்கவே வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், இந்த சிப்பும் விட்டு விட்டு அளவெடுக்கும் வகை என்பதால் இதற்கு முன்னாலும் சாதாரண ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் ஃபில்டர் ஒன்றை வைக்க வேண்டும்!

இதே யோசனை மற்ற விலங்குகளுக்கும் பொருந்தும். அசைபோடும் மாட்டின் தாடை நொடிக்கு ஏறக்குறைய ஒரு முறை அசையும், கழுத்துப்பட்டை சென்சார் பிடிப்பது அதைத்தான். பல வவ்வால்களின் ஒலியோ 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலே. மாறுவது ஃபில்டரின் எண்கள்தான்.

ரொம்பக் குறுக்கினாலும் ஆபத்து

சரி, 14 முதல் 24 ஹெர்ட்ஸ் மட்டும் விட்டு மற்றதை அடியோடு அடைத்துவிட்டால்? இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். மிகக் குறுகலான ஃபில்டர் கோயில் மணி மாதிரி. ஒரு தட்டு தட்டினால் நின்று நிதானமாக ஒலிக்கும். காலடி என்பது ஒரே ஒரு ‘தொம்’. குறுகிய ஃபில்டரில் அது நீண்ட ரீங்காரமாகி, உறுமல் போலத் தெரியும். மரக்கிளை விழுந்தாலும் அப்படித்தான். எனவே காலடிக்கு அகலமான ஃபில்டர், உறுமலுக்குக் குறுகலானது என்று இரண்டு பாதை வைப்பது நல்லது.

லாரியின் அதிர்வு யானையின் எல்லைக்குள்ளேயே வருவதும் உண்டு. அதை ஃபில்டர் தடுக்காது. அந்த இடத்தில்தான் நடையின் தாளம், இடைவெளி இவற்றைப் பார்க்கும் ஏஐ-க்கு வேலை.

தவறான எச்சரிக்கையின் விலையும் சின்னதல்ல. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு நிமிடத்தில் 1 கிலோமீட்டரைக் கடந்துவிடும். யானை 200 மீட்டர் முன்னால் இருக்கும்போது தகவல் வந்தால் லோகோ பைலட்டுக்குக் கிடைப்பது 12 நொடி. சீக்கிரமே சொல்ல வேண்டும் என்று சென்சாரைக் கூர்மையாக்கினால் ஒவ்வொரு லாரிக்கும் அலாரம் அடிக்கும். பத்து முறை வீணாக வேகத்தைக் குறைத்தவர் பதினோராவது முறையும் அதே அவசரத்தோடு பிரேக்கைத் தொடுவாரா என்பது சந்தேகம்.

பேட்டரி விஷயத்திலும் அனலாக் ஃபில்டருக்கு ஒரு கை உண்டு. ஏஐ சிப் நாள் முழுக்க விழித்திருந்தால் சோலார் பேனல் தாங்காது. ஃபில்டர் மட்டும் மிகக் குறைந்த மின்சாரத்தில் காத்திருந்து, யானை எல்லையில் ஏதாவது அசைந்தால் பெரிய சிப்பை எழுப்பிவிடும். காங்கோவின் நுவாபலே-ந்டோகி காட்டில் கார்னெல் பல்கலைக்கழகத் திட்டம் மரங்களில் மாட்டியிருக்கும் சுமார் 50 ஒலிப்பதிவுக் கருவிகளிலிருந்து தரவை எடுக்க, சில மாதங்களுக்கு ஒருமுறை ஆட்கள் நடந்தே போக வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஃபில்டரின் எல்லை தப்பாகிவிட்டால், அடுத்த முறை ஆள் போய்ப் பார்க்கும்போதுதான் தெரியும். அதுவரை பதிவானதைத் திருத்த வழியில்லை.