காக்கும் கை எது? அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு தரும் பாடம்

நள்ளிரவில் வன்முறைக் கும்பல் வீட்டைச் சூழ்கிறது. காக்க வேண்டிய காவலரோ கைவிரிக்கின்றனர். குடிமகன் என்ன செய்வான்? தன் கையில் ஆயுதம் ஏந்துவதா, அரசின் கதவைத் தட்டுவதா? ஒடுக்கப்பட்டோர் வாழும் நாடுகள் பலவற்றில் எழுந்த வினா இது. அண்ணல் அம்பேத்கர் 1946-இல் கறுப்பின அறிஞர் டூ பாய்சுக்கு எழுதிய கடிதத்தில், அமெரிக்கக் கறுப்பர் நிலைக்கும் இந்தியத் தீண்டப்படாதோர் நிலைக்கும் ஒப்புமை மிகுதி எனக் குறித்தார். ஆகவே அம்மக்கள் இவ்வினாவுக்குக் கண்ட விடையை நாமும் ஆராய்தல் தகும்.

1865-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே மிசிசிப்பி மாநிலம் கறுப்பருக்கென்றே ஒரு சட்டம் இயற்றிற்று. உரிமம் பெறாத கறுப்பர் துப்பாக்கியோ வெடிமருந்தோ வைத்திருத்தல் குற்றம் என்றது அச்சட்டம். விலங்கு கழன்றது, தற்காப்புக்கு விலங்கு பூட்டப்பட்டது.

1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறன்று லூசியானா மாநிலத்துக் கோல்ஃபாக்ஸ் ஊரில், நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பர்களை வெள்ளையர் படையொன்று தாக்கியது. காத்து நின்றோரிடமும் துப்பாக்கிகள் இருந்தன. வந்தவர்களிடமோ பீரங்கியே இருந்தது. சரணடைந்தோரும் கொல்லப்பட்டனர். தண்டிக்கப்பட்ட மிகச் சிலரையும் 1876-இல் உச்சநீதிமன்றம் காப்பாற்றிற்று. ஆயுதம் தாங்கும் உரிமை பற்றிய இரண்டாம் திருத்தம் கூட்டாட்சி அரசை மட்டுமே கட்டுப்படுத்தும். தனியார் இழைக்கும் கொடுமைக்கு மாநில அரசையே நாட வேண்டும் என்பது தீர்ப்பு. அம்மாநில அரசுகளோ விரைவிலேயே வெள்ளை ஆதிக்கத்தினர் கைக்குச் சென்றன.

அறவழித் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கும் இவ்வினாவைச் சந்தித்தார். 1956 சனவரியில் மாண்ட்கோமரியில் தம் இல்லத்தில் குண்டு வீசப்பட்டபின், துப்பாக்கி எடுத்துச் செல்ல உரிமம் கோரி விண்ணப்பித்தார், அது மறுக்கப்பட்டது. பின்னர் அவர் ஆயுதத்தையே துறந்தார்.

ஆனால் லூசியானாவின் காகித ஆலை நகரமான போகலூசாவில் வரலாறு வேறு வழியில் நடந்தது. அங்கு ராபர்ட் ஹிக்ஸ் என்னும் கறுப்பின ஆலைத் தொழிலாளி, குடியுரிமை இயக்கத்தைச் சேர்ந்த வெள்ளையர் இருவருக்குத் தம் வீட்டில் இடமளித்தார். 1965 பிப்ரவரி 1-ஆம் நாள் இரவு, கூ க்ளக்ஸ் க்ளான் கும்பல் வீட்டைத் தகர்க்க வருகிறதென்று செய்தி வந்தது. தம்மால் ஒன்றும் இயலாதென்றனர் காவல்துறையினர். ஹிக்சும் அவர்தம் துணைவியார் வலேரியாவும் குழந்தைகளை அண்டை வீடுகளில் சேர்த்துவிட்டு, நண்பர்களைத் தொலைபேசியில் அழைத்தனர். துப்பாக்கி ஏந்திய கறுப்பர்கள் வந்து வீட்டைக் காத்து நின்றனர். அன்றிரவு எவ்விதத் தாக்குதலும் நிகழவில்லை.

அம்மாதமே அந்நகரில் 'தற்காப்புக்கும் நீதிக்குமான டீக்கன்கள்' என்னும் அமைப்பின் கிளை உருவாயிற்று. 1964-இல் அதே மாநிலத்து ஜோன்ஸ்பரோவில் தோன்றிய அமைப்பு அது. டீக்கன் என்பது திருச்சபைத் தொண்டரைக் குறிக்கும் சொல். உறுப்பினர் பலர் போர்முனை கண்ட முன்னாள் படைவீரர்கள். இரவில் தெருக்களைக் காத்தனர். இயக்கத் தொண்டர்களுக்கு வழித்துணையாகச் சென்றனர்.

ஆயினும் ஹிக்ஸ் துப்பாக்கியோடு நின்றுவிடவில்லை. நீதிமன்றமும் சென்றார். அவர் வாதி, எதிர்வாதி நகரக் காவல்துறைத் தலைவர் நைட். 1965 சூலையில், ஊர்வலம் செல்வோரைக் காப்பது காவல்துறையின் கடமையெனக் கூட்டாட்சி நீதிபதி கிறிஸ்டன்பெரி ஆணையிட்டார். டிசம்பரில் க்ளானுக்கு எதிராகவும் தடையாணை பிறந்தது. பிப்ரவரியில் கைவிரித்த காவல்துறையை ஐந்தே மாதங்களில் கடமைக்கு இழுத்து வந்தது சட்டம். அதுவரை அவ்வீட்டைக் காத்தது நண்பர்களின் துப்பாக்கி.

எனினும் ஆயுத உரிமை எல்லார்க்கும் ஒரே அளவினதாய் இருந்ததில்லை. கருஞ்சிறுத்தைகள் துப்பாக்கியுடன் வீதியில் வலம் வந்தபோது, கலிஃபோர்னியா 1967-இல் அதனைத் தடைசெய்து சட்டம் இயற்றிற்று. 2010-இல் ஓட்டிஸ் மெக்டொனால்டு என்னும் கறுப்பின முதியவர் முன்னின்று தொடுத்த வழக்கில், இரண்டாம் திருத்தம் மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் எனத் தீர்ப்பாயிற்று. ஆயினும் 2016-இல் மின்னசோட்டாவில், தம்மிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருப்பதைத் தாமே தெரிவித்த கறுப்பினத்தவர் ஒருவர், காரில் அமர்ந்த நிலையிலேயே காவலரால் சுடப்பட்டு மாண்டார். சுட்டவரை நடுவர் குழு விடுவித்தது.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் துப்பாக்கிகள் யார் பக்கம் இருந்தன, குடிசையில் எரிந்த 44 உயிர்கள் யாருடையவை என்பதை நாம் மறப்பதற்கில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995-இல் வகுக்கப்பட்ட விதிகளுள் மூன்றாம் விதி இதனை ஓரளவு உணர்ந்தது. வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளில் பிறரின் ஆயுத உரிமங்களை நீக்கவும், கள்ளத் துப்பாக்கிகளைக் கைப்பற்றவும், தேவையெனின் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் உரிமம் வழங்கவும் அது இடமளிக்கிறது.

அவ்விதியை எடுத்துக்காட்டி மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதத் தெரிந்தவர் நம் ஊர்களில் எத்தனை பேர்? போகலூசாவின் ஆலைத் தொழிலாளி காவலுக்கு ஆள் திரட்டவும் அறிந்திருந்தார். காவல்துறைத் தலைவரை வழக்கு மன்றத்தில் நிறுத்தவும் அறிந்திருந்தார். இவ்விரண்டில் பின்னதை நம் பிள்ளைகள் அனைவரும் கற்றாக வேண்டும். கல்விச் சங்கங்கள் நாட்டுக்குச் செய்யத்தக்க காவற்பணி அதுவே.