நாத்திகர் எப்படிச் செத்தார்?

டார்வின் சாகும்போது பைபிளைக் கையில் பிடிச்சுக்கிட்டு மனம் திரும்பினார்னு ஒரு பார்வேர்டு, வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது என் போனுக்கு வந்துடும். இந்தத் தடவை அனுப்பின அண்ணாச்சி நல்ல மனுஷர். ரத்ததான முகாம்னா முதல் ஆளா வந்து நிப்பார். அவருக்குத் தனியா பதில் எழுத ஆரம்பிச்சேன், நீண்டுக்கிட்டே போச்சு. அதனால பொதுவுலயே போட்டுடுறேன். கொஞ்சம் பெரிய த்ரெட், நேரம் இருக்கும்போது படிங்க.

டார்வின் இறந்தது 1882 ஏப்ரல் 19. இந்தக் கதை அச்சுல வந்தது 1915 ஆகஸ்ட்ல, அமெரிக்காவில் பாஸ்டனிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பாப்டிஸ்ட் சபைப் பத்திரிகையில். நடுவுல 33 வருஷம். சொன்னவர் லேடி ஹோப் என்ற இங்கிலாந்து சுவிசேஷ ஊழியர். அவர் சொன்னதுகூட சாவுப் படுக்கைக் கதை இல்லை. ஓர் இலையுதிர்கால மாலையில் டார்வினைப் பார்க்கப் போனதாகவும், அவர் எபிரெயர் நிருபத்தைப் படித்துக்கொண்டிருந்ததாகவும், பழைய கருத்துகளை நினைத்து வருந்தியதாகவும்தான் எழுதியிருந்தார். இறப்பு ஏப்ரல்ல, சந்திப்பு இலையுதிர்காலத்துல. அப்புறம் கை மாறி கை மாறி கட்டில் வந்துச்சு, கடைசி மூச்சும் வந்துச்சு. டார்வினின் மகள் ஹென்ரியட்டா 1922-ல் ஒரு கிறிஸ்தவப் பத்திரிகையிலேயே எழுதினார்: அப்பா இறக்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன், கடைசி நோயின்போது இந்த அம்மா வரவே இல்லை என்று. மறுப்பு நூறு வருஷத்தைத் தாண்டிடுச்சு. கதைக்கு ஒண்ணும் ஆகலை.

இதுல ஒரு வேடிக்கை, டார்வின் தன்னை நாத்திகர்னு சொல்லிக்கவே இல்லை. தெரியாதுன்னு சொல்ற கட்சி அவர்.

சரி, பரிணாமக் கொள்கைக்குப் பதில் சொல்லாம, மனுஷன் செத்த கட்டிலை ஏன் தேடிப் போறாங்க? எங்க கடற்கரைக்காரங்களுக்கு இது சுலபமா புரியும். 1586-ல் அண்டிரிக் அடிகளார் 'அடியார் வரலாறு' என்ற பெரிய புத்தகத்தைத் தமிழில் அச்சடித்தது புன்னைக்காயல்லதான். 600 பக்கத்துக்கு மேல புனிதர்களின் வாழ்க்கை. அந்த வகைப் புத்தகங்களில் புனிதர் எப்படி வாழ்ந்தார் என்பதற்குச் சமமா எப்படி இறந்தார் என்பதும் முக்கியம். நன்மரணத்துக்குப் பாதுகாவலர் சூசையப்பர். சாகக் கிடக்கிறவருக்கு அவஸ்தை பூசுவாங்க. எங்க வார்டுல சாமியார் வந்து பூசிட்டுப் போறதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். அந்த அமைதி நோயாளிக்கும் வீட்டாருக்கும் தர்ற ஆறுதல் நிஜம், அதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். ஆனா நல்லவருக்கு நன்மரணம்னு ஒரு கணக்கு இருந்தா, மறுக்கிறவருக்கு எதிர்க்கணக்கு ஒண்ணு தேவைப்படுது. ஒண்ணு பயந்து அலறிச் சாகணும், இல்லைன்னா கடைசி நிமிஷத்துல திரும்பணும். நம்ம புராணத்துலயும் இரணியன் கேட்ட கேள்விக்குப் பதில் தூண்லேருந்துதானே வருது.

பத்திரிகை வந்த பிறகு இந்தக் கணக்கு வாராவாரம் அச்சாக ஆரம்பித்தது. தாமஸ் பெய்ன் 1809-ல் நியூயார்க்கில் இறந்தார். அவர் நாத்திகர்கூட இல்லை, கடவுளை நம்பி, வேதத்தை மறுத்தவர். அவர் நடுங்கிப்போய்ச் செத்தார் என்பது அமெரிக்கப் பிரசங்கிகளின் நிரந்தரக் கதை. 1877-ல் இங்கர்சால் சவால் விட்டார்: நிரூபிக்கிறவருக்கு ஆயிரம் டாலர், தங்கமாகவே தருகிறேன். 'நியூயார்க் அப்சர்வர்' என்ற மதப் பத்திரிகை சவாலை எடுத்தது. வாதம் முற்ற முற்ற, பெய்ன் மனம் மாறியதாக நாங்கள் சொல்லவே இல்லையே என்று அப்சர்வர் நழுவியது. இங்கர்சால் அதே பத்திரிகையின் பழைய இதழிலிருந்தே எடுத்துக் காட்டினார். 1899-ல் இங்கர்சால் இறந்தபோது என்ன நடந்திருக்கும்னு நீங்களே யூகிச்சிருப்பீங்க. அவரும் கடைசியில் மாறிவிட்டார் என்று கதை கிளம்பி, குடும்பத்தினர் சத்தியப் பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

இங்கர்சால் எழுத்து தமிழுக்கு வந்ததில் 1925-ல் தொடங்கிய 'குடி அரசு' வட்டாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பத்திரிகையை ஈரோட்டில் தொடங்கி வைத்தவர் யார் தெரியுமா? திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் அடிகள். சைவ மடாதிபதி. இதைச் சொன்னா ரெண்டு பக்கத்துலயும் இன்னைக்கு நம்ப மாட்டேங்கிறாங்க.

இந்தியாவில் இந்த வகைக் கதைக்குப் பெரிய உதாரணம் பகத்சிங். 1930 அக்டோபர், லாகூர் சிறை. அதே சிறையில் இருந்த பாய் ரந்தீர் சிங், கதர் கட்சிக்காரர், ஆழ்ந்த சீக்கிய பக்தர், விடுதலையாகும் நேரத்தில் பகத்சிங்கைச் சந்திக்கிறார். கடவுள் நம்பிக்கை பற்றிப் பேச்சு வருது. புகழ் தலைக்கேறி, கடவுளுக்கும் உனக்கும் நடுவே அகந்தை திரையாக நிற்கிறது என்கிறார் பெரியவர். அதற்குப் பதிலாகத்தான் 'நான் ஏன் நாத்திகன்' கட்டுரை எழுதப்பட்டது. கட்டுரையின் முதல் வேலையே, என் நாத்திகம் அகந்தையால் வந்ததா என்று தன்னையே விசாரித்துக்கொள்வது. 23 வயசுப் பையன், தூக்குத் தண்டனைத் தீர்ப்பு வரப்போகுதுன்னு தெரிஞ்ச நிலையில, வாதத்தை விட்டுட்டு ஆளைக் குறை சொன்னதுக்கும் பொறுமையா பதில் எழுதுறான். எனக்கு அந்தக் கட்டுரையில் மிகவும் பிடிச்சது அந்தப் பொறுமைதான்.

1931 மார்ச் 23-ல் தூக்கு. கட்டுரை செப்டம்பரில் லாகூர் 'தி பீப்பிள்' வார இதழில் வந்தது. அதைத் தொடங்கியவர் லாலா லஜபதி ராய், ஆரிய சமாஜத்துக்காரர். பக்தர் தொடங்கிய பத்திரிகை, நாத்திகரின் சொந்த வார்த்தைக்கு இடம் கொடுத்தது. தமிழில் மொழிபெயர்த்தவர் பூதப்பாண்டிக்காரர் ஜீவா. பெரியாரின் அண்ணன் ஈ.வெ.கிருஷ்ணசாமி வெளியிட்டார். ரெண்டு பேரையும் வெள்ளைக்கார அரசாங்கம் கைது பண்ணுச்சு.

இவ்வளவு தெளிவா எழுத்துல இருந்தும், பின்னால் ரந்தீர் சிங் எழுதிய நினைவுகளில் பகத்சிங் தன் முன்னால் மனம் மாறிவிட்டதாக வருது. ரந்தீர் சிங் பொய்யர்னு நான் சொல்ல வரலை. தான் நேசிச்ச பையன் கடவுள் இல்லாம தூக்கு மேடைக்குப் போனான் என்பதை அவரால் தாங்க முடிஞ்சிருக்காது. ஆனா ஒருத்தர் கையால எழுதி வச்சதைவிட, இன்னொருத்தர் ஆசைப்பட்டு நினைவு வச்சதுக்குத்தான் இன்னைக்கும் அதிக ஷேர்.

இனி பெரியார். 1948 மே மாசம் திராவிடர் கழக மாநில மாநாடு தூத்துக்குடியில நடந்துச்சு, பனிமய மாதா கோயில் இருக்கிற இதே ஊர்ல. அவர் இறந்தது 1973 டிசம்பர் 24, வேலூர் சி.எம்.சி.-யில், 94 வயசுல. சி.எம்.சி. மிஷனரி மருத்துவமனை. நாத்திகர் கிறிஸ்தவ ஆஸ்பத்திரியில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இறக்கிறார், கிறிஸ்துமஸ் அன்னைக்கு சென்னை பெரியார் திடலில் அடக்கம். மனம் மாறின கதை கட்ட இதைவிடத் தோதான மேடை கிடைக்காது. ஆனாலும் பெரிசா ஒண்ணும் எடுபடலை. மணியம்மையார் கூடவே இருந்தார். கடைசி நாள் வரைக்கும் அவர் என்ன பேசினார் என்பது அச்சுல இருக்கு, டிசம்பர் 19-ல் தியாகராயநகர்ல பேசின கடைசிப் பேச்சு வரைக்கும்.

அதனால கதை வேற பக்கம் போச்சு: சிறுநீர்க் குழாயும் பாட்டிலும். கடைசி ஆண்டுகளில் அதோடதான் ஊர் ஊரா போனார். அதைக் கடவுள் கொடுத்த தண்டனையா காட்டுற பதிவுகள் இன்னைக்கும் தினமும் கண்ணுல படுது. ஒரு டாக்டரா சொல்றேன், வயசான ஆண்களுக்குச் சிறுநீர் அடைக்கிறது ரொம்ப சாதாரணம். எந்த ஆண்கள் வார்டுக்கும் வந்து பாருங்க, அதே குழாயோட தினம் மூணு வேளை ஜெபம் பண்றவரும், சஷ்டி விரதம் தவறாதவரும், அஞ்சு வேளை தொழுறவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல இருப்பாங்க. அந்தப் பை யாருக்கும் தீர்ப்பு எழுதலை.

நாத்திகப் பத்திரிகைகளும் இந்த விஷயத்துல சுத்தம் இல்லை. எந்தச் சாமியாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தா போதும், சாமியை நம்பாம டாக்டரை நம்பினாரான்னு தலைப்பு போடுவாங்க. அதுவும் இதே வித்தைதான். நோயாளிக் கட்டிலைச் சாட்சிக் கூண்டா மாத்துறது. எங்ககிட்ட வர்ற யாரும் தன் தத்துவத்தை நிரூபிக்க வரலை, மூச்சு முட்டுதுன்னு வர்றாங்க. ஆக்சிஜன் குறைஞ்சு, உப்புச் சத்து இறங்கி, நினைவு தடுமாறுற நேரத்துல மனுஷன் எதையும் சொல்வான். செத்துப்போன அம்மாவைக் கூப்பிடுவான், முருகான்னு கூப்பிடுவான், நாப்பது வருஷம் முன்னால வேலை பார்த்த தோணிக்கு நங்கூரம் போடச் சொல்வான். அதை வச்சு அவன் கொள்கையை எழுதக் கூடாது.

செத்த பிறகு கதை கட்டுறது ஒரு வகை. உயிரோட இருக்கும்போதே, சொன்ன விஷயத்தை விட்டுட்டு ஆளை மட்டும் படம் பிடிக்கிறது இன்னொரு வகை. கலைஞர் மஞ்சள் துண்டு போட்டப்போ அது ஜோசியர் சொன்னதா இல்லையான்னு எத்தனை வருஷம் எழுதினாங்க! அதாவது சிரிச்சுட்டுப் போகலாம். 2007 செப்டம்பரில் நடந்தது அப்படி இல்லை.

சேது சமுத்திரத் திட்டம்: 167 கிலோமீட்டர் கால்வாய், 2,400 கோடி ரூபாய்க்கு மேல், 2005 ஜூலை 2-ல் தொடக்க விழா. பொறுப்பு எங்க தூத்துக்குடி துறைமுகத்துக்கு. ராமர் பாலப் பிரச்சினை உச்ச நீதிமன்றத்தில் இருக்கும்போது, ராமர் எந்த என்ஜினீயரிங் காலேஜில் படித்தார்னு கலைஞர் கேட்டார். அவருக்கு அந்த மாதிரி ஒரு வரி நாக்கு நுனியில் வந்துட்டா நிறுத்த முடியாது. அப்புறம் சில வாரம் டிவியில ஓடினது கால்வாய் இல்லை, ஒரு நாத்திக முதலமைச்சரின் திமிர். அவர் தலைக்கு வெகுமதி அறிவிச்ச செய்தி வந்துச்சு. பெங்களூரில் மகள் வீட்டைத் தாக்கினாங்க. பெங்களூர் பக்கத்துல தமிழ்நாட்டுப் பஸ் ஒண்ணைக் கொளுத்தினதுல ரெண்டு உயிர் போச்சு.

எனக்கு இதுல ஆறாத விஷயம் ஒண்ணு இருக்கு. திட்டம் தொடங்கும் முன்னாடியிலேருந்தே இந்தக் கடற்கரை மீனவர்கள் கேட்டுக்கிட்டிருந்த கேள்விகள் இருந்துச்சு. தோண்டுற சேறை எங்க கொட்டுவீங்க? கப்பல் போற வழியில வலை போட விடுவீங்களா? மன்னார் வளைகுடாவுல 21 தீவைச் சுத்தி இருக்கிற பவளப்பாறை என்ன ஆகும்? முத்துச்சிப்பியை ஏற்கெனவே இழந்த கடல் இது. இந்தக் கேள்விகளில் ராமரும் இல்லை, பெரியாரும் இல்லை. அதனால இதுக்கு ஸ்டுடியோவில் நாற்காலி கிடைக்கலை.

பக்தர் நாத்திகரைப் பற்றி நேர்மையா எழுதவே முடியாதான்னா, முடியும். கல்கி 1930-களின் தொடக்கத்தில் ஆனந்த விகடனில் பெரியாரின் பேச்சைப் பற்றி எழுதினார். கொள்கையில் ஒத்துப்போகாதவர். ஆனா அந்தப் பேச்சு கூட்டத்தை மணிக்கணக்கா எப்படிக் கட்டிப்போடுதுன்னு, நேர்ல உட்கார்ந்து கேட்டுட்டு எழுதினார். எங்க ஊர்லயே வ.உ.சி. இருந்தார். தூத்துக்குடியில் கடைசி ஆண்டுகளைக் கழித்து, 1935-ல் சிவஞான போதத்துக்கு உரை வெளியிட்டு, அடுத்த வருஷம் இங்கேயே இறந்த முழுச் சைவர். அவர்தான் 1928-ல் நாகப்பட்டினத்தில் பெரியாரின் படத்தைத் திறந்து வைத்தார். நாத்திகரைப் பாராட்டினதால அவர் சைவம் குறைஞ்சிடலை. இவர்கூடப் பழகினதால அவர் ரகசிய பக்தர்னும் வ.உ.சி. கதை விடலை.

கடைசியா, கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர். ஆபிரகாம் கோவூர். திருவல்லாவில் மார்த்தோமா சபைப் பாதிரியாரின் மகன், 1928-ல் இலங்கைக்குப் போய் யாழ்ப்பாணம் மத்தியக் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். அற்புதசக்தியை நிரூபிக்கிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய்னு 1963-ல் சவால் விட்டவர். சாவுப் படுக்கைக் கதை தனக்கும் வரும்னு அவருக்கு நல்லா தெரியும். அதனால முன்கூட்டியே எழுதி அறிவிச்சுட்டார்: சாவுக்கும் பயமில்லை, அதுக்குப் பிறகு வர்றதுக்கும் பயமில்லை, சடங்கு வேண்டாம், கண்கள் கண் வங்கிக்கு, உடல் மருத்துவக் கல்லூரிக்கு, எலும்புக்கூடு கொழும்பு தர்ஸ்டன் கல்லூரியின் அறிவியல் கூடத்துக்கு. 1978 செப்டம்பர் 18-ல் இறந்தார்.

கோவூர் மாதிரி எழுதி வைக்க நினைக்கிறவங்களுக்கு, நீங்க பக்தரா இருந்தாலும் சரி, ஒரு தகவல். உடல்தானத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறையில் படிவம் கேளுங்க. படிவம் எழுதினா மட்டும் போதாது. நீங்க போன பிறகு தகவல் சொல்லி உடலை ஒப்படைக்க வேண்டியது வீட்டுக்காரங்க. அவங்ககிட்ட உயிரோட இருக்கும்போதே பேசிடுங்க, மூத்த மகன்கிட்ட மட்டும் இல்லை, எல்லார்கிட்டயும்.