இடிக்கல்

இடிக்கல்: ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், மகா பீட்டரின் வெண்கலக் குதிரைவீரன் சிலைக்குப் பீடமாக நிற்கும் கருங்கற்பாறை. பின்லாந்து வளைகுடாவை அடுத்த லாக்தா சதுப்பு நிலத்தில் 1768இல் கண்டெடுக்கப்பட்டது. எடை 1,250 டன்னுக்குக் குறையாது என்பர். 1,500 டன் என்போரும் உண்டு.

இதை நகர்த்தும் பொறுப்பை ஏற்றவர் கிரேக்கரான மரினோஸ் கர்புரிஸ். நீராவி எந்திரமோ விலங்குகளோ இல்லை. மனித பலம் மட்டுமே. சதுப்பு மண் இத்தனை எடையைத் தாங்காது என்பதால், நிலம் உறையும் குளிர்காலம்வரை காத்திருந்தார். இந்தப் பொறுமைதான் பாதி வெற்றி. பள்ளம் குடைந்து செப்புத் தகடு பதித்த மரத் தண்டவாளங்களை இட்டு, பள்ளத்தில் வெண்கலக் குண்டுகளை வரிசையாக வைத்து, அவற்றின்மேல் பாறையேற்றிய சட்டத்தை உருட்டினார். இரும்புக் குண்டுகள் இந்தப் பாரத்துக்கு நொறுங்கிவிடும். ஆட்கள் நிலை உருளைகளைச் சுற்றித் தள்ள, அவற்றில் சுற்றிய வடம் பாறையை இழுத்தது. கடந்த தண்டவாளத்தைப் பின்னாலிருந்து பெயர்த்து முன்னால் போட்டார்கள். பாறை நகரும்போதே கல்தச்சர்கள் அதன்மேல் நின்று செதுக்கினர்.

கடற்கரையிலிருந்து பெரும் படகில் 1770இல் நகரை அடைந்தது. சிலை 1782இல் திறக்கப்பட்டது.