குஜராத் உழவரும் புதிய பருத்தி விதையும்

தமிழகத்தை விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நம்மில் பலருக்குக் குஜராத்தின் பருத்திக் காடுகள் இரயில் பயணத்தில் கண்ட காட்சியாகவே இருக்கும். புதிய விதையை உழவர் ஏற்பதற்கும் மறுப்பதற்கும் காரணம் யாது என்பதை அறிய விரும்பினால், நாம் அக்காடுகளின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

1970ஆம் ஆண்டில் சூரத் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் சி. டி. படேல் என்னும் அறிஞர் 'ஹைபிரிட்-4' என்ற கலப்பினப் பருத்தியை உருவாக்கினார். வணிக முறையில் பயிரிடப்பட்ட முதல் கலப்பினப் பருத்தி இதுவே. மகரந்தப் பைகளைக் கையால் நீக்கி, வேறொரு செடியின் மகரந்தத்தைப் பூவில் தடவி இவ்விதையை உண்டாக்குவர். ஆண்டுதோறும் விதை வாங்கும் வழக்கமும், விதையைத் தாமே உண்டாக்கும் திறனும் குஜராத் உழவரிடையே இவ்வாறு வேரூன்றின.

2001ஆம் ஆண்டில் காய்ப்புழு பருத்தியைக் கடுமையாகத் தாக்கியது. பலமுறை மருந்து தெளித்தும் பயனில்லை. ஆனால் சில வயல்கள் மட்டும் காய்கள் கெடாமல் நின்றன. அங்கு விதைத்திருந்தது 'நவபாரத்-151' என்னும் விதை. புழுவைக் கொல்லும் புரதத்தை உண்டாக்கும் மண் நுண்ணுயிர் ஒன்றின் மரபணு அதில் இருப்பது ஆய்வில் தெரிந்தது. அரசின் அனுமதி பெறாத விதையாதலால், பயிரை அழிக்குமாறு மத்திய ஒப்புதல் குழு ஆணையிட்டது. உழவர் எதிர்த்தனர், சரத் ஜோஷி அவர்களுக்குத் துணை நின்றார். விளைந்த பயிரைத் தீயிலிட எவர் மனம் இசையும்?

2002 மார்ச்சில் மூன்று பி.டி. பருத்தி இனங்களுக்கு அரசு அனுமதி அளித்தது. 450 கிராம் விதையின் விலை ஏறத்தாழ 1,600 ரூபாய். ஆகவே, அனுமதியின்றி உள்ளூரிலேயே உண்டாக்கப்பட்ட மலிவான விதையைப் பலர் நாடினர். 2006இல் ஆந்திர அரசு தொடுத்த வழக்கை அடுத்து விலை 750 ரூபாய் அளவுக்கு இறங்கியது. பயிர்ப் பரப்பும் பெருகியது. பூச்சியின் கொடுமை, விதையின் விலை, அண்டை வயலில் கண்ட விளைச்சல் ஆகிய மூன்றுமே உழவரின் முடிவை உருவாக்கின என்று நாம் கருதலாம்.

ஆயினும் ஒரு செய்தி அவர்கள் மனத்தில் பதியவில்லை. புழுக்கள் புதிய பருத்தியை எதிர்க்கும் ஆற்றல் பெறாதிருக்க, அருகில் சாதாரணப் பருத்தியையும் விதைக்க வேண்டும் என்பது அந்நாளைய விதியாக இருந்தது. அதற்கென 120 கிராம் விதை தனிப் பொட்டலமாகவும் தரப்பட்டது. புழு தின்பதற்கென்றே நிலத்தில் ஒரு பகுதியை ஒதுக்கப் பெரும்பாலோர் விரும்பவில்லை. 2009ஆம் ஆண்டுப் பயிரிலேயே அமரேலி முதலிய மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தது. 2015இல் இரு மரபணுக்கள் கொண்ட பருத்தியையும் அப்புழு பெரிதும் அழித்தது.

ஒரு பருவத்தில் கிட்டும் பயனை உழவர் தம் கண்ணாலேயே கண்டுகொள்வர். பல ஆண்டுகளுக்குப் பின் வரும் கேட்டை எடுத்துரைப்பது விதை விற்போரின் கடமை, அரசின் கடமையுமாகும். அக்கடமை தவறும்போது இழப்பைச் சுமப்பவர் உழவரே என்பதை நாம் மறத்தலாகாது.